கடித்தால் சொல்லாத வாடிக்கையாளர்

ஆம்பூரில் ஒன்பது வருடம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு 2009இல் தோஹாவில் போய் இறங்கியபோது, தோல் வேலையில் எனக்கு இனி யாரும் சொல்லித்தர ஒன்றுமில்லை என்ற நினைப்பில் இருந்தேன். கட்டிங், ஸ்டிட்சிங், தோலைக் கால் அச்சில் இழுத்து ஏற்றும் லாஸ்டிங் மூன்றிலும் நின்றவன். விசாவில் 'தையல்காரர்' என்று போட்டிருந்தது. என்ன தையல் என்று ஏஜெண்டும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெண்கள் போடும் நீள அங்கியான அபாயா தைக்கும் கடையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

கடை இருந்தது தோஹாவின் பழைய சந்தையான சூக் வாக்கிஃப்பை ஒட்டிய வல்லூறுச் சந்தையில். உள்ளே தரை முழுக்க மணல். மணலில் குத்தி நிறுத்திய கட்டைகளின் மேல் இருபதுக்கு மேற்பட்ட பறவைகள், தலையில் தோல் மூடியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தன. பொம்மைகள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒன்று உடம்பை உதறியதும் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். மூலையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். லாகூர்க்காரர். ஆம்பூரில் உருது கேட்டு வளர்ந்தவன் என்பதால் எங்களுக்குள் பேச்சு சிக்கலாக இல்லை. அவர் என்னை 'பேட்டா' (மகனே) என்றார், நான் அவரை 'உஸ்தாத்' (ஆசான்) என்றேன். பத்து வருடம் அப்படியே போனது.

நம் பக்கத்தில் வல்லூறு, பைரி, ராஜாளி என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். அங்கே ஒவ்வொன்றும் தனி. பாலைவனத்துக்குப் பழகிய பெரிய பழுப்புப் பறவை ஹுர். நம் பைரிக்கு ஷாஹீன் என்று பெயர். வடதுருவப் பக்கத்து வெள்ளைப் பறவை ஜீர். இவற்றைக் கலந்து பண்ணையில் வளர்த்தவை வேறு. வளர்ப்பவர் சக்கார். அவர் கையில் எப்போதும் இருக்க வேண்டிய சாமான்கள்தான் எங்கள் பிழைப்பு: தலைக்குப் போடும் புர்கா, கால் கயிறான சபூக், அதோடு சேரும் நீளக் கயிறான முர்சல், உட்காரும் கட்டையான வக்கர், கையில் மாட்டும் மன்கலா, திரும்ப அழைக்கும் தில்வா. புர்கா என்றதும் உங்கள் மனத்தில் வருவது எனக்கும் வந்தது. மூடுகிற துணிக்கும் தோலுக்கும் அரபியில் ஒரே பெயர்.

இந்த வல்லூறுக்கு உலகம் என்பதே கண்தான். பார்த்தால் பதறும், பதறினால் சிறகை அடித்துக்கொள்ளும், அடித்துக்கொண்டால் இறகு முறியும். கண்ணை மூடிவிட்டால் இரவு வந்துவிட்டது என்பது போல அடங்கிவிடும். ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டுப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக், தலைமூடியைத் தாம் கிழக்கத்தியர்களிடமிருந்து கற்றுக்கொண்டதாக எழுதி வைத்திருக்கிறார். அதற்கு முன்பு பறவையின் கீழ் இமையில் நூல் கோத்துக் கண்ணை மூடி வைக்கும் பழக்கம் அங்கே இருந்திருக்கிறது. உஸ்தாத் இதைச் சொன்ன நாளிலிருந்து, நான் தைப்பது அலங்காரப் பொருள் என்ற எண்ணம் போனது.

முதல் ஆறு மாதம் புர்காவைத் தொடவே விடவில்லை. கயிறு பின்னச் சொன்னார். அது பிறகு. புர்கா கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் திமிர் உடைந்தது அதில்தான்.

மூன்று துண்டுகள் வெட்ட வேண்டும்: இரண்டு கண்களுக்கு இரண்டு, நடுவில் உச்சந்தலையிலிருந்து பின்கழுத்துக்குப் போகும் ஒன்று. இது டச்சுக்காரர்கள் வழி. அரபு வழியில் பின்பக்கம் விசிறி போல மடிந்து விரியும். எங்கள் வாடிக்கையாளர்கள் முன்பக்கத்தை ஒரு வழியிலும் பின்பக்கத்தை இன்னொரு வழியிலும் கேட்பார்கள், அதையும் செய்துகொடுப்போம். தோல் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றி இருக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் அளவு வேறு. இந்தப் பறவைகளில் பெண்தான் பெரிது, ஆண் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிறுத்திருக்கும். கலப்புப் பறவை என்றால் எந்த அளவு அட்டையும் உதவாது. தலையைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும்.

தையலில்தான் விஷயம் இருக்கிறது. ஷூவில் இரண்டு தோலை ஒன்றின் மேல் ஒன்று வைத்து மெஷினில் ஓட்டிவிடுவோம். இதில் இரண்டு ஓரங்களும் முட்டி நிற்க வேண்டும். ஊசி தோலின் மேற்புறம் நுழைந்து, தடிமனின் பாதியில் ஓரம் வழியாக வெளியேறி, எதிர்த் துண்டின் ஓரத்தில் புகுந்து, அதன் மேற்புறத்தில் வெளிவர வேண்டும். உட்புறம் ஊசி எட்டிப் பார்க்கவே கூடாது. ஒரு மில்லிமீட்டரில் பாதி! குத்தூசியை எவ்வளவு சாய்ப்பது என்பது கைக்குப் பழகவே எனக்கு நூறு துண்டுகள் வீணாயின. உள்ளே ஒரு முடிச்சு துருத்தினால் அது கண்ணுக்கு நேராக நிற்கும். தைத்து முடித்ததும் நனைத்து, மரத்தால் செய்த தலை அச்சில் ஏற்றிக் காயவைக்க வேண்டும். எங்கள் லாஸ்ட் போலத்தான். ஷூவின் லாஸ்ட் கால் வடிவம், இது கோழிமுட்டையைவிடச் சற்றுப் பெரிய தலை வடிவம். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் நன்றாகப் புடைத்திருக்கும்.

என் முதல் புர்காவை ஒரு பெண் ஹுருக்காகச் செய்தேன். சிவப்புத் தோல், உச்சியில் சிறு இறகுக் குஞ்சம். ஷூ கம்பெனி தர ஆய்வில் வைத்திருந்தால் ஒரு குறை சொல்ல முடியாது. நான்கு நாள் கழித்து சக்கார் பறவையோடு வந்துவிட்டார். வலது கண் ஓரத்தில் சோப்பு நுரை போல வெள்ளையாக ஏதோ நின்றது. அவர் சத்தம் போட்டார், முதலாளியும் போட்டார். உஸ்தாத் மட்டும் பேசவில்லை. புர்காவை வாங்கி, பின்பக்கத்தை விரித்து, வெளிச்சத்தில் பிடித்தார். வலது கண் துண்டின் உட்புறம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கறுத்து ஈரமாக இருந்தது. என் சுட்டுவிரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். நான்கு நாளாக அந்தப் பறவை இமைக்கும்போதெல்லாம் கண் தோலில் உரசியிருக்கிறது.

"செருப்பு கடித்தால் மனிதன் கடைக்கு வந்து சண்டை போடுவான், பேட்டா. இது சொல்லாது. நீதான் போய்க் கேட்க வேண்டும்" என்றார்.

அன்று கற்றது இன்றுவரை மாறவில்லை. புது புர்காவை முதல் நாள் பத்து நிமிடத்துக்கு மேல் போடக் கூடாது. கழற்றியதும் இரண்டு கண் துண்டுகளின் உட்புறத்தையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் அச்சில் மறுபடி நனைத்துப் புடைக்கவைக்கலாம். இரண்டாம் முறையும் ஈரம் இருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். பறவை அடிக்கடி தலையை உதறினாலோ, காலைத் தூக்கிப் புர்காவைச் சொறிந்தாலோ, அதற்குப் பிடிவாதம் என்று சக்கார் சொன்னால் நம்பாதீர்கள். எங்கோ கடிக்கிறது.

புர்காவில் அலகுக்கு விடும் திறப்பு அடுத்த கண்டம். சின்னதாக வெட்டினால் மூக்குத் துளையை அடைக்கும், வாயோரத்தை அறுக்கும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வல்லூறு இரையோடு விழுங்கிய இறகையும் எலும்பையும் வயிற்றில் உருட்டி, மறுநாள் உருண்டையாக வாய்வழியே வெளியே தள்ளும். அலகு விரியாத புர்காவோடு அது நடந்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஆகவே அலகை முழுதாக விரிக்கும் அளவுக்குத் திறப்பு இருக்க வேண்டும். ஆனால் அதன் வழியே முன்பக்க வெளிச்சம் கண்ணுக்குப் போய்விடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி கத்தி முனை அளவு. சீவிச் சீவித்தான் பெரிதாக்க வேண்டும், ஒரே வெட்டில் கூடாது. வெட்டிய தோலை ஒட்ட முடியாது என்பது ஆம்பூரில் பயிற்சிக்கு வந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

பின்பக்கம் நான்கு தோல் வார்கள். இரண்டை இழுத்தால் இறுகும், மற்ற இரண்டை இழுத்தால் திறக்கும். சக்காரின் ஒரு கையில் பறவை உட்கார்ந்திருக்கிறது. மீதி இருப்பது ஒரு கையும் வாயும். ஒரு வாரைக் கையால் பிடித்து, எதிர் வாரைப் பல்லால் கடித்து இழுப்பார்கள். எனக்கு இது தெரியும், ஆனால் தெரிந்ததை நான் யோசிக்கவில்லை. ஒருமுறை மலிவான சாயம் போட்ட சிவப்பு வார்களை மாட்டிவிட்டேன். பாலைவனத்தில் நண்பர்கள் நடுவே ஒரு பெரிய மனிதரின் உதடும் பல்லும் வெற்றிலை போட்டதுபோலச் சிவந்துவிட்டன. அவர் வெற்றிலை அறியாதவர். நான் அறிந்தவன் என்பதால் சிரிப்பை அடக்க முடியவில்லை, அது இன்னொரு தப்பு. அதிலிருந்து வார்த் தோலை ஈரத் துணியால் பத்து முறை தேய்த்து, துணியில் நிறம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே மாட்டுகிறேன்.

பசை விஷயத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. ஷூக்காரனுக்குப் பசை வாடை தாய்ப்பால் மாதிரி, மூக்கில் ஏறவே ஏறாது. பறவையின் நுரையீரல் அப்படியல்ல. புகையும் ரசாயன ஆவியும் மனிதனைவிட அதை வேகமாகத் தாக்கும். ஒட்டாத பூச்சுப் பூசிய தோசைக்கல்லை அடுப்பில் வெறுமனே காயவிட்டால் வரும் ஆவியே பக்கத்து அறைப் பறவையைக் கொன்றுவிடும் என்று அங்கே ஒரு பறவை மருத்துவர் எச்சரித்தார். கூடுமானவரை பசை இல்லாமல் தைத்தோம். பசை தவிர்க்க முடியாத இடத்தில், வேலை முடிந்த சாமானை வெளிக்காற்றில் ஒரு வாரம் தொங்கவிட்டோம். தோஹா கோடையில் காற்றில் ஈரமும் அதிகம், அறைக்குள் ஏசியும் அதிகம். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்த புர்காக்களில் பூசணம் பூத்துவிடும். அந்தப் பூசணத்தின் தூள் வல்லூறின் மூச்சுப்பைகளில் இறங்கினால் காப்பாற்றுவது மிகவும் கடினம். துணிப்பை, காற்றோட்டம், வாரம் ஒருமுறை உட்புறம் துடைப்பது. இதைச் செய்யச் சோம்பல் என்றால் விலை உயர்ந்த பறவை வாங்கியும் பயனில்லை.

இனி கயிறு. சபூக் என்பது காலைச் சுற்றி நிற்கும் பின்னல். நைலான் அல்லது பருத்தி நூலை நான்கு புரியாகப் பின்னுவோம், சிலர் காலுக்குத் தோல் பட்டை வைத்துச் செய்யச் சொல்வார்கள். தோல் பட்டை என்றால் கங்காரு தோலுக்கு ஈடில்லை. மெல்லியதாகவும் இருக்கும், அறுபடவும் அறுபடாது. பட்டை காலில் தாராளமாகச் சுழல வேண்டும், ஆனால் பின்விரலைத் தாண்டி இறங்கக் கூடாது. ஓரங்களைச் சீவி வழவழப்பாக்கி, எண்ணெய் ஊட்ட வேண்டும். எண்ணெய் வற்றிய தோல் கத்திதான். நைலானில் இன்னொரு பொறி இருக்கிறது. பிரியாமல் இருக்க முனையை நெருப்பில் காட்டி உருக்குவோம், இல்லையா? உருகி ஆறிய முனை கண்ணாடிச் சில்லு மாதிரி ஆகிவிடும். அது காலில் உரசும் பக்கம் வந்தால் புண். முனையைப் பின்னலுக்குள்ளேயே செருகி மறைக்கக் கற்றுக்கொண்டேன்.

இரண்டு சபூக்கும் முர்சலும் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க நடுவில் சுழலும் உலோக வளையம் உண்டு. புதிதாக வந்த ஒரு பெட்டி வளையங்களில் ஒன்றின் உள்விளிம்பில் மெல்லிய பிசிறு இருந்திருக்கிறது. நான் விரலை விட்டுப் பார்க்கவில்லை. கயிறு நாளுக்கு நாள் அதில் அறுந்து, ஒரு சாயங்காலம் பறவை பாதிக் கயிற்றோடு பறந்துபோனது. மூன்றாம் நாள் மின்கம்பத்தில் கயிறு சிக்கித் தலைகீழாகத் தொங்கியதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. இப்போதும் வளையம் வாங்கினால், உள்விளிம்பில் ஒரு பஞ்சுத் துணுக்கைச் சுற்றி இழுத்துப் பார்ப்பேன். ஒரு நூலிழை மாட்டினாலும் அது திரும்பக் கடைக்குப் போய்விடும்.

வக்கர் செய்வது பார்க்கச் சுலபம். காளான் வடிவத்தில் மரம், அடியில் மணலில் குத்த இரும்பு முள், மேலே மெத்தை. வந்த புதிதில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வழுவழுப்பான வெல்வெட்டையே கேட்டார்கள், கண்ணுக்கு அழகு. ஆனால் இந்தப் பறவை உட்கார்ந்தால் மணிக்கணக்கில் உட்காரும். உள்ளங்காலின் அதே இடத்தில் எப்போதும் எடை அழுந்தினால் தோல் மெலிந்து, கிருமி புகுந்து, கால் பந்து போல வீங்கிவிடும். எடை கூடிய பறவைக்கு இன்னும் சீக்கிரம். அந்த வீக்கத்தைப் பார்த்தவர்கள் வெல்வெட்டைக் கேட்க மாட்டார்கள். நீளமான செயற்கைப் புல் விரிப்பை மேலே ஒட்டினால், பாரம் பல புள்ளிகளில் பிரியும், காற்றும் போகும், குழாயடியில் கழுவியும் விடலாம். தலைப்பகுதி அகலமாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. குறுகலாக இருந்தால் இரண்டு கால் கயிறுகளும் ஆளுக்கொரு பக்கம் இறங்கி, பறவை கட்டையைக் கட்டிக்கொண்டு மாட்டிக்கொள்ளும். சபூக்கின் நீளத்தையும் வக்கரின் அகலத்தையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தனித்தனியாக இரண்டு கடைகளில் வாங்கினால் இந்தத் தகராறு நிச்சயம்.

மன்கலாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கையில் மாட்டும் குழல், உள்ளே கெட்டித் துணி, மேலே முரட்டுக் கம்பளம். நகம் இறங்கக் கூடாது, பிடி வழுக்கக் கூடாது. அவ்வளவுதான். மேலே பின்னல் வேலை எவ்வளவு என்பது வாங்குபவரின் பையைப் பொறுத்தது.

தில்வா ரசமானது. பறவையைத் திரும்ப அழைக்கச் சுழற்றும் பொய் இரை. முன்பு ஹுபாரா என்ற வரகுக்கோழி இனப் பறவையின் சிறகுகளையே கட்டுவார்கள். வேட்டையில் இவர்கள் ஆசைப்படும் இரை அதுதான். அமீரகத்தில் 400 மீட்டர் தூரத்துக்குத் தில்வாவை நோக்கிப் பறக்கவிட்டு நேரம் எடுக்கும் போட்டிகளே நடக்கின்றன, இப்போது டிரோனில் கட்டி இழுத்தும் பழக்குகிறார்கள். செய்பவன் கவனிக்க வேண்டியது ஒன்றே: உள்ளே உலோகமோ கட்டையோ இருக்கக் கூடாது. அசுர வேகத்தில் வந்து மோதும் பறவை அதில் நெஞ்செலும்பை உடைத்துக்கொள்ளும். நான் பழைய தோல் துணுக்குகளை உருட்டி, மேலே சிறகுகளைக் கட்டி, இறைச்சித் துண்டைக் கட்ட இரண்டு வார்கள் விட்டுத் தருவேன். தூக்கிக்கொண்டு பறந்துவிட முடியாத எடை, மோதினால் வலிக்காத மென்மை.

2017 ஜூன் 5ஆம் தேதி சவூதியும் அமீரகமும் பஹ்ரைனும் எகிப்தும் கத்தாரோடு உறவை முறித்துக்கொண்டன. ஒரே தரை எல்லை மூடப்பட்டது. எங்களுக்குத் தோல், நூல், வளையம் எல்லாம் துபாய் வழியாக வந்துகொண்டிருந்தவை. இரண்டு வாரத்தில் அலமாரி காலி. வேட்டை சீசனுக்கு இன்னும் மூன்று நான்கு மாதம்தான். ஊரிலிருக்கும் என் மைத்துனருக்குப் போன் செய்தேன். அவர் திண்டுக்கல்லில் விசாரித்து, விடுமுறை முடிந்து திரும்பிய ஒருவர் பெட்டியில் ஆட்டுத் தோல் கொடுத்தனுப்பினார். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய பழைய வழித் தோல். நம் ஊரில் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்பார்கள், புவிசார் குறியீடு வாங்கியது. நான் ஷூவில் தொட்டதெல்லாம் குரோமியத்தில் பதப்படுத்தியது. அதை நனைத்து அச்சில் ஏற்றினால், காய்ந்ததும் ரப்பர் மாதிரி பழைய நிலைக்கே திரும்பும். பட்டையில் பதப்படுத்திய தோல் நனைத்த வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும்.

உஸ்தாத் அந்தத் தோலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார், மடித்தார், நகத்தால் கீறினார். இது எங்கே இருந்தது இத்தனை நாள் என்றார். எங்கள் ஊரிலிருந்து ரயிலில் ஒரு ராத்திரி தூரத்தில் என்றேன். அந்த வருடம் கடையில் விற்ற புர்காக்களில் பெரும்பகுதி திண்டுக்கல் ஆடுகள்தாம். வாங்கியவர்களுக்கு அது தெரியாது, புர்காவுக்குள் கண்ணை மூடியிருந்தவர்களுக்கும் தெரியாது.

2019இல் ஊர் திரும்பினேன். கிளம்பும் முன் ஒரு வேடிக்கை. அமீரகத்தில் 2002லிருந்தே வல்லூறுகளுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கிறார்கள், எல்லை தாண்டிக் கொண்டுபோக அது வேண்டும். எங்கள் கடைக்கு வந்த சில பறவைகளின் பாஸ்போர்ட்டை உரிமையாளர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டுவார். என் பாஸ்போர்ட் பத்து வருடமும் முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருந்தது.

இப்போது வீட்டு மாடியில் ஒரு மேஜை. உஸ்தாத் கொடுத்த அச்சுகள் ஏழு, ஒவ்வொன்றின் அடியிலும் அவர் பென்சிலில் எழுதிய எண். வாரத்தில் நான்கைந்து புர்காக்கள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன். உள்ளூர்ப் பையன்கள் சிலர், வீட்டில் ஒரு வல்லூறு வைத்திருக்கிறோம், அதற்கு ஒன்று செய்துகொடுங்கள் அண்ணா என்று கேட்டு வருகிறார்கள். அவர்களுக்கு ஒரே பதில்: 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம், வனத்துறையிடம் ஒப்படைத்துவிடு. கோபித்துக்கொண்டு போகிறார்கள், போகட்டும்.

எனக்குள்ள சங்கடம் வேறு. போட்டுப் பார்க்க இங்கே பறவை இல்லை. அதனால் ஒவ்வொரு புர்காவோடும் அரபியில் எழுதிய ஒரு சீட்டு வைக்கிறேன்: முதல் நாள் பத்து நிமிடம், கழற்றியதும் உள்ளே விரல் வைத்துப் பாருங்கள், ஈரமிருந்தால் என் செலவில் திருப்பி அனுப்புங்கள். போன வருடம் இரண்டு திரும்பி வந்தன. ஒன்றில் இடது கண் துண்டு கறுத்திருந்தது. மூன்றாம் எண் அச்சின் இடது புடைப்பு தேய்ந்திருப்பதை அதன் பிறகுதான் கவனித்தேன், மரத்தூளும் பசையும் வைத்து மேடாக்கினேன். இன்னொன்றின் உட்புறம் எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது. கூடவே ஒரு குறிப்பு: பறவைக்கு ஒன்றுமில்லை, என் மகனுக்குத்தான் பச்சை நிறம் வேண்டுமாம்.